குதிரின் மேல் குதிரை

கேள்வி இது: “மெல்பனிலிருந்து வடக்கே காரில் போனோம். பெனல்லா தாண்டி ஒரு குட்டி ஊரில் கோதுமை சைலோ (தானியம் கொட்டி வைக்கும் உயரமான உருளைக் கட்டடம்) மேல் ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு பெரிய மூன்று குதிரைகள் வரைந்திருந்தார்கள். அடுத்த ஊரில் ராணுவச் செவிலியர், அதற்கடுத்த ஊரில் மூட்டை வண்டி. கடைத்தெருவில் ஆளே இல்லை, ஆனால் சுவரெல்லாம் படம். இதை யார் வரைகிறார்கள், காசு யார் கொடுக்கிறார்கள், செத்துப்போன உழவுக் குதிரைக்கு ஏன் இத்தனை மரியாதை? இது வெறும் சுற்றுலா விளம்பரம்தானா?”

விளம்பரம்தான், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் விளம்பரம் என்பதோடு விட்டுவிட்டால் குதிரை ஏன் வந்தது என்பது புரியாது. விளம்பரத்துக்குக் கங்காரு போதும், கோலா போதும். இவர்கள் குதிரையைப் போடுவதற்குக் காரணம், குதிரை இருந்த காலத்தில்தான் அந்த ஊர்களில் மனிதர்களும் இருந்தார்கள். குதிரை போனது, பின்னாலேயே ஆட்களும் போனார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த ஊர் கூரம்பாட். வரைந்தவர் ஜிம்மி டிவேட், மெல்பன்காரர், அழிந்துவரும் விலங்குகளைப் பெரிய சுவர்களில் வரைவதில் பெயர் எடுத்தவர். அங்கே கான்கிரீட் சைலோவில் ஒரு குரைக்கும் ஆந்தை இருக்கும், கவனித்திருப்பீர்கள், அதுவும் அவர் வேலைதான். பக்கத்துத் தகர சைலோவில் இருக்கும் மூன்றும் கிளைட்ஸ்டேல் குதிரைகள். கிளெம், சாம், பாஞ்சோ என்று பெயர்கூட உண்டு. நீங்கள் தவறவிட்டிருக்கக்கூடிய ஒன்று: அதே ஊர்த் தேவாலயத்துக்குள் அட்னேட் என்ற ஓவியர் வரைந்த ‘சோபியா’ என்ற பெரிய பெண் உருவம் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் சாதாரணப் பழைய கட்டடம், உள்ளே போனால் சுவரை நிறைத்துக்கொண்டு ஒரு முகம்.

கூரம்பாட், டெவனிஷ், செயின்ட் ஜேம்ஸ், டங்கமா என்று நீங்கள் கடந்த ஊர்களை வரைபடத்தில் பாருங்கள். எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும், பெனல்லாவிலிருந்து யாரவோங்கா பக்கம் போகும் ரயில் பாதை அது, 1880களில் போட்டது. ஊருக்கும் ஊருக்கும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். இவ்வளவு நெருக்கமாக எதற்கு ரயில் நிலையம் என்று கேட்டால், குதிரை வண்டிக்காக. மூட்டை ஏற்றிய வண்டி காலையில் பண்ணையிலிருந்து கிளம்பி, நிலையத்தில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆகவே குதிரையின் நடைதான் அந்த ஊர்களை அந்தந்த இடத்தில் வைத்தது என்று சொன்னால் மிகையில்லை. அதே தூரத்தை லாரி பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு ஊர் யாருக்கு வேண்டும்? அப்போதே முடிந்துவிட்டது கதை, ஊர்க்காரர்களுக்குத் தெரிய இன்னும் சில பத்தாண்டுகள் ஆனது, அவ்வளவுதான்.

அந்தக் குதிரையைப் பற்றி. கிளைட்ஸ்டேல் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரைப் பகுதியிலிருந்து வந்த இழுவைக் குதிரை. தோள்பட்டை வரைக்குமே ஐந்தரை அடிக்கு மேல் இருக்கும், எடை 800, 900 கிலோ சாதாரணம். முகத்தில் வெள்ளைப் பட்டை, முழங்காலுக்குக் கீழே குளம்பை மூடிக்கொண்டு நீளமான வெள்ளை முடி. பந்தயக் குதிரையை மட்டுமே பார்த்த நமக்கு இதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது வேறு பிராணியோ என்று தோன்றும். குளம்பு ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு.

பண்ணையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று யோசியுங்கள். ஒன்பது அங்குல அகலத்தில் சால் ஓட்டும் ஒற்றைக் கலப்பையை வைத்து ஒரு ஏக்கர் உழ வேண்டுமானால் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். குதிரையும் நடக்க வேண்டும், பின்னால் பிடித்துக்கொண்டு ஆளும் நடக்க வேண்டும். பிறகு பல கொழு வைத்த கலப்பை வந்து, எட்டுக் குதிரை, பத்துக் குதிரை என்று சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். எட்டுக் குதிரை என்றால் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே எழுந்து எட்டுக்கும் தீவனம் வைத்து, தேய்த்துவிட்டு, எட்டுக்கும் கழுத்துப்பட்டையும் கடிவாளமும் மாட்டி, பிறகுதான் வயலுக்கு. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ தின்னும். அதற்காகவே நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி ஓட்ஸ் விதைத்து, அறுத்து, நறுக்கி வைக்க வேண்டும்.

இப்போது இந்த எட்டுக் குதிரைகளைச் சுற்றி எத்தனை பேருக்குப் பிழைப்பு என்று எண்ணிப் பாருங்கள். லாடம் அடிக்க ஒரு கொல்லர், தோல் வேலைக்கு ஒரு ஆள், வண்டிச் சக்கரம் செய்ய ஒருவர், தீவனம் நறுக்கும் கூலிக்காரர்கள், பொலிகுதிரையை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு வருபவர். இவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார், எல்லாருக்கும் சேர்த்து ஒரு மளிகைக்கடை, ஒரு மதுக்கடை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கோவில், சனிக்கிழமைக்கு ஒரு கால்பந்து அணி. ஊர் என்பது இதுதானே.

1918 வாக்கில் ஆஸ்திரேலியாவில் சுமார் 25 லட்சம் குதிரைகள் இருந்தன, அதுதான் உச்சம். டிராக்டர் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, ஆனால் 1930களின் மந்தத்தில் எண்ணெய்க்குக் காசில்லாமல் பலர் டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுத் திரும்பக் குதிரையைப் பூட்டினார்கள், குதிரைக்கு வயலில் விளைவதே போதுமே. அப்புறம் இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் ரேஷன். போர் முடிந்த பிறகுதான் குதிரைக்கு உண்மையான முடிவு வந்தது, வந்தபோது மளமளவென்று வந்தது. கொல்லர் கொஞ்ச நாள் பெட்ரோல் பங்க் வைத்துப் பார்த்தார், தோல்காரர் கடையைச் சாத்தினார். நூறு ஏக்கரை உழுத நேரத்தில் ஆயிரம் ஏக்கரை உழ முடியும் என்றதும் பக்கத்து நிலத்தை வாங்கினார்கள், பக்கத்து வீடு காலியானது.

ஆகவே அந்த ஊரில் எண்பது வயதுக்காரர் ஒருவர் சைலோ முன்னால் நின்று குதிரையைப் பார்க்கிறார் என்றால் அவர் பிராணியை மட்டும் பார்க்கவில்லை. தன் வகுப்பில் கூடப் படித்த நாற்பது பேரையும் பார்க்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை, எனக்கு ரொம்பப் பிடித்தது. சைலோவைத் தமிழில் குதிர் என்று சொல்லலாம், குதிரின் மேல் குதிரை என்று எழுத்து விளையாட்டுக்கும் ஆகும். ஆனால் நிஜத்தில் அந்தக் குதிரும் அந்தக் குதிரையும் ஒரே கட்சி இல்லை. சைலோ வருவதற்கு முன் கோதுமை முழுக்க மூட்டையில்தான் போனது. ஒரு மூட்டை 180 பவுண்டு, கிட்டத்தட்ட 82 கிலோ. அதைத் தோளில் சுமந்து, சரிந்த பலகை மேல் ஏறி, ரயில் நிலையத்தில் மலைபோல அடுக்குவதற்கென்றே ஆட்கள் கூட்டமாக வருவார்கள். 1930களில் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் மூட்டை இல்லாமல் மொத்தமாகக் கொட்டி வைக்கும் முறை வந்தது, ரயில் பாதை நெடுக சைலோ எழுந்தது. மூட்டை தூக்குகிறவர்களுக்கு வேலை போனது. செயின்ட் ஜேம்ஸ் ஊரில் டிம் போவ்டெல் வரைந்த சைலோவில் குதிரை வண்டியில் கோதுமை மூட்டை போகிற காட்சி இருக்கிறது. அதாவது அந்த மூட்டையை ஒழித்துக்கட்டிய கட்டடத்தின் மேலேயே மூட்டைக்கு மாலை போட்டிருக்கிறார்கள்! இன்று பல இடங்களில் அந்தச் சைலோவுக்கும் வேலை இல்லை, தானியமெல்லாம் லாரியில் பெரிய கிடங்குகளுக்குப் போகிறது. வேலை போனதால்தான் ஓவியருக்குச் சுவர் கிடைத்தது.

அதே சைலோவில் ஒரு மனிதரின் முகமும் இருக்கும், ஜார்ஜ் கோல்ஸ். ஆமாம், நீங்கள் வாராவாரம் காய்கறி வாங்கும் அந்தக் கோல்ஸ் சங்கிலிக் கடைகளைத் தொடங்கியவர்தான். அவர் குடும்பம் செயின்ட் ஜேம்ஸில் கடை வைத்திருந்தது. அங்கே தொழில் பழகிவிட்டு 1914இல் மெல்பனின் காலிங்வுட்டில் தன் கடையைத் திறந்தார். ஊரிலிருந்து பிழைக்கப் போனவர்களில் மிகப் பெரிய வெற்றி பெற்றவர் அவர். அந்தச் சங்கிலிக் கடைகள் வளர வளரச் சின்ன ஊர் மளிகைக்கடைகள் என்னவாயின என்பதைச் சுவரில் யாரும் எழுதவில்லை, அது வேறு விஷயம்.

சரி, ஊரைக் காப்பாற்றச் சுவரில் வரையலாம் என்ற யோசனை யாருடையது? இது ஆஸ்திரேலியாவில் தோன்றியதில்லை. கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவில் ஷெமேனஸ் என்று ஒரு மரம் அறுக்கும் ஊர். ஊருக்கே சோறு போட்ட மில் 1980களின் தொடக்கத்தில் தள்ளாட ஆரம்பித்து 1983இல் மூடியது. 1985இல் புதிய மில்லாகத் திரும்பத் திறந்தபோது முன்பிருந்த ஆட்களில் சிறு பங்குதான் தேவைப்பட்டது. அந்த ஊரில் கார்ல் ஷூட்ஸ் என்பவர் முன்பு ருமேனியா போயிருந்தபோது அங்குள்ள பழைய மடாலயங்களின் வெளிச்சுவர்களில் வேதக் கதைகள் வரைந்திருப்பதையும், அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவதையும் பார்த்திருக்கிறார். நம் ஊரிலும் நம் கதையை வரைந்தால் என்ன என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு 1982இல் வாய்ப்பு வந்தது. அந்த வருடம் ஐந்து சுவர்கள். மில் போன ஊருக்குப் படம் பார்க்க ஆள் வரத் தொடங்கியது. இன்று நாற்பதுக்கு மேல் ஓவியங்கள், தரையில் மஞ்சள் காலடித் தடம் போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

அந்த முதல் ஐந்தில் ஒன்று ‘ஸ்டீம் டாங்கி’ வேலை செய்யும் காட்சி. டாங்கி என்றதும் கழுதை என்று நினைக்காதீர்கள், வெட்டிய மரத்தைக் கம்பி வடத்தால் இழுக்கும் நீராவி எந்திரம் அது. காட்டில் மாடும் குதிரையும் செய்துகொண்டிருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்ட எந்திரத்துக்குக் கழுதை என்று பெயர் வைத்தவர்கள் குசும்புக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஷெமேனஸ் செய்ததைப் பார்த்துச் செய்த ஊர் டாஸ்மேனியாவின் ஷெஃபீல்ட். அங்கே மில் இல்லை, அணைக்கட்டு. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் மெர்சி, ஃபோர்த் ஆறுகளில் நீர்மின் திட்டம் நடந்தது. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வேலை முடிந்ததும் அதேபோலக் கிளம்பிப் போனார்கள். ஊர் இளைத்துப்போனது. 1986இன் கடைசியில் முதல் ஓவியம் வந்தது, ஜான் லெண்டிஸ் வரைந்தது; கிரேடில் மலையைத் தேசியப் பூங்காவாக்கப் பாடுபட்ட ஆஸ்திரியக் குடியேறி குஸ்டாவ் வைன்டோர்ஃபரைப் பற்றியது. அதற்குப் பிறகு சுவர் கிடைத்த இடமெல்லாம் முன்னோடிக் குடும்பங்கள், காடு வெட்டுவது, வண்டி இழுப்பது. 2003இலிருந்து வருடா வருடம் ஒரு வாரத் திருவிழா: ஒரு கவிதையைக் கொடுத்துவிடுவார்கள், ஓவியர்கள் அதை வைத்து எல்லாரும் பார்க்கப் பார்க்கவே வரைந்து முடிக்க வேண்டும். ஷெஃபீல்டுக்கு ஆள் வருவதைப் பார்த்த பக்கத்து ஊர் ரெயில்டன் சும்மா இருக்குமா, செடியைக் கத்தரித்து உருவம் செய்யும் ஊர் என்று பெயர் வாங்கிக்கொண்டது. அங்கே உழவுக் குதிரையே பச்சைச் செடிதான்.

சைலோ ஓவியம் இதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது. ஆஸ்திரேலியாவில் முதன்முதலில் வரைந்தது 2015இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்தம் ஊரில். ஆனால் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது விக்டோரியாவின் பிரிம். கைடோ வான் ஹெல்டன் அங்கே 1939ஆம் வருடத்துச் சைலோவில், நான்கு விவசாயிகளை முப்பது மீட்டர் உயரத்துக்கு வரைந்து 2016 ஜனவரியில் முடித்தார். அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சுவரை முழுக்க மூடாமல், பழைய கான்கிரீட்டின் சாம்பல் நிறத்தையே தோலாகவும் சட்டையாகவும் விட்டுவிட்டு, நிழல் விழும் இடத்தில் மட்டும் சாயம் சேர்த்திருக்கிறார். தூரத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். கிட்டே போகப் போகக் கான்கிரீட் ஊற்றிய வரிகளும் மழைக் கறையும்தான் மிஞ்சும். அப்புறம் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு, ரூபன்யப் முதல் பாட்செவாலக் வரை சுமார் 200 கிலோமீட்டருக்கு ஒரு பாதையே வந்துவிட்டது. அதில் ரோஸ்பரி சைலோவில் ஒரு ஆள் தன் குதிரையோடு நெருங்கி நிற்கும் படம் உண்டு, குதிரைப் பிரியர்கள் அங்கே கட்டாயம் வண்டியை நிறுத்துவார்கள்.

எப்படி வரைகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அழுத்தத் தண்ணீரால் கழுவி, விரிசலை அடைத்து, அடிப்பூச்சு. பிறகு அளவு பிடிக்க வேண்டும், அதுதான் கஷ்டம், ஏனென்றால் தூக்கிக் கூடையில் ஏறிச் சுவரை ஒட்டி நிற்கிறவருக்குத் தெரிவது குதிரையின் மூக்குத் துவாரத்தில் பாதி. ஒரு வழி இருக்கிறது: சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கிவிடுவது, வட்டம், கோடு, எழுத்து, எது வேண்டுமானாலும். அதைப் படம் எடுத்து, செல்போனிலோ டேப்லெட்டிலோ அதன் மேல் குதிரைப் படத்தை வைத்துப் பார்த்தால் எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் கண் வரும், எதற்குக் கீழே காது வரும் என்று தெரிந்துவிடும். வேலை முடிந்தபின் கிறுக்கல் எல்லாம் சாயத்துக்கு அடியில் போய்விடும். பெரிய பரப்புக்கு உருளையும் தெளிப்பானும், நுணுக்கத்துக்கு ஸ்ப்ரே டப்பாவும் தூரிகையும். சைலோ உருளையாக வேறு இருப்பதால் ஓரங்கள் வளைந்து பின்னால் போய்விடும், ஆகவே குதிரையின் முகம் எங்கே வளைகிறதோ அங்கே கொஞ்சம் அகலமாக வரைந்தால்தான் சாலையிலிருந்து பார்க்கும்போது சரியாக வரும். நெளித்தகடாக இருந்தால் ஒவ்வொரு நெளிவின் மேலும் கீழும் தனித்தனியாக அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமிருந்து பார்க்கக் குதிரையும் இன்னொரு பக்கமிருந்து பார்க்கத் தகரமும் தெரியும். காற்று பலமாக அடித்தால் கூடையை இறக்கிவிட வேண்டும், அன்றைய வேலை அவ்வளவுதான். வெயிலும் மழையும் விடாது, சில வருடம் கழித்து மறுபடி பூசித்தான் ஆக வேண்டும். பழைய ஓவிய ஊர்களில் ஓயாத செலவு அது.

ஓவியருக்கு இன்னொரு பரீட்சையும் உண்டு, கழுத்துப்பட்டை. நம் மாட்டுக்கு நுகம் திமிலுக்கு முன்னால் கழுத்தின் மேல் உட்காரும். குதிரைக்குத் திமில் கிடையாது, ஆகவே வைக்கோல் திணித்த தோல் வளையம் ஒன்றைக் கழுத்தில் மாட்டி, அது தோள்பட்டையில் படிய, அதன் பள்ளத்தில் இரண்டு வளைந்த மரம் அல்லது இரும்புத் துண்டுகளைக் கட்டி, அதிலிருந்து சங்கிலி பின்னால் போய்க் கலப்பைக்கு முன்னுள்ள குறுக்குக் கட்டையில் சேரும். குதிரை உண்மையில் இழுப்பதில்லை, தோளால் தள்ளுகிறது. அந்த வளையம் விரல் அகலம் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் தோல் உரிந்து புண்ணாகிவிடும். இதைப் பழைய புகைப்படம் பார்த்து வரைகிற இளைஞருக்கு எங்கே தெரியும்? சங்கிலியை வயிற்றுப் பட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்த சுவரோவியம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். பக்கத்தில் நின்ற பெரியவர் ஓவியத்தை ரசித்துவிட்டு, “அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் குதிரை ஒரு அடி எடுத்து வைத்தால் வண்டி அங்கேயே நிற்கும்” என்றார். கெட்டிக்கார ஓவியர்கள் முதலில் போய் இன்னும் குதிரை வளர்க்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிப்பார்கள்.

காசு பெரும்பாலும் நான்கைந்து இடத்திலிருந்து வரும். உள்ளூர் மன்றம், மாநில அரசின் சுற்றுலா நிதி, சைலோவின் சொந்தக்காரரான தானியக் கம்பெனி, சாயம் தரும் கம்பெனி, அப்புறம் ஊர்ச் சங்கம் கேக் விற்றும் இறைச்சி சுட்டு விற்றும் சேர்த்த பணம். பலன் இருக்கிறதா என்றால், என் அபிப்பிராயம், ஓவியம் காரை நிறுத்தும், பர்ஸைத் திறக்காது. காபி விற்க ஒரு கடையும் சுத்தமான கழிப்பறையும் இருக்கும் ஊருக்குக் காசு நிற்கிறது. இல்லாத ஊரில் ஐந்து நிமிடம் போட்டோ எடுத்துவிட்டு அடுத்த சைலோவுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் ‘முதல் குடியேறிகள்’ என்ற சொல். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் இது. முதல் என்று அழுத்திச் சொல்லும்போதே அதற்கு முன் இருந்தவர்கள் எங்கே என்ற கேள்வி வந்துவிடுகிறது. குதிரை பூட்டிய கலப்பை கிழித்த மண்ணில் அதற்கு முன் பல்லாயிரம் வருடங்களாக ஆட்கள் இருந்தார்கள். குடியேறிகள் பட்ட பாடு பொய்யில்லை, மாலி என்ற குட்டை யூகலிப்டஸ் காட்டின் வேர்க்கட்டையில் மோதிக் கலப்பை உடைந்துகொண்டே இருந்ததால் 1876இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்மித் சகோதரர்கள் கட்டை மேல் ஏறிக் குதித்து இறங்கும் கலப்பையையே கண்டுபிடித்தார்கள், அவ்வளவு பாடு. ஆனால் அந்தக் காடு யாரோ ஒருவரின் வீடாகவும் இருந்தது. ஷீப் ஹில்ஸ் சைலோவில் அட்னேட் 2016இல் வரைந்தது குடியேறிகளை அல்ல, அந்த மண்ணின் பூர்வகுடி மூத்தோர் இருவரையும் குழந்தைகள் இருவரையும், பின்னால் நட்சத்திர வானம். பிரிம் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதை. நியூசிலாந்தின் கட்டிகட்டி ஊரில் 1875இல் அயர்லாந்தின் அல்ஸ்டரிலிருந்து வந்த குடும்பங்களைப் பெருமையாக வரைந்திருக்கிறார்கள். அந்த நிலம் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் நடந்த போர்களுக்குப் பின் மாவோரிகளிடமிருந்து எடுக்கப்பட்டது. ஷெமேனஸில் ஒரு ஓவியம் 1939இல் ஊர் ஊர்வலத்தில் ஜப்பானியக் குடும்பங்கள் கொண்டுவந்து பரிசு வாங்கிய அலங்கார வண்டியைக் காட்டுகிறது. மூன்றே வருடத்தில், 1942இல், அந்தக் கரையோரத்தில் இருந்த ஜப்பானியர் அத்தனை பேரையும் அரசு வெளியேற்றிவிட்டது. படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குதிரை விஷயத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சவாரிக் குதிரைகளுக்கு ‘வேலர்’ என்று பெயர். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த குதிரை என்பதால் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளம் வைத்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாகக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து இறங்கின. முதல் உலகப்போருக்கு ஆஸ்திரேலியா அனுப்பிய குதிரைகள் சுமார் 1,36,000, திரும்பி வந்தது ஒன்றே ஒன்று, சாண்டி என்று பெயர். டெவனிஷில் செவிலியருக்குப் பக்கத்துச் சைலோவில் கேம் ஸ்கேல் என்ற ஓவியர் குதிரைப்படை வீரரை வரைந்திருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது பெனல்லாவிலேயே ஒரு இரவு தங்குங்கள். 2015இல் தொடங்கிய சுவரோவியத் திருவிழாவால் அந்த ஊர்ச் சந்துகளிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. காலையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கூரம்பாட்டில் ஆரம்பித்து டங்கமாவில் முடிக்கலாம், அங்கே சைலோவில் குதிரை கிடையாது, கொக்கு. அரை நாள் போதும். ஆனால் சுவரில் இல்லாமல் உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் நியூ சவுத் வேல்ஸில் பரெல்லன் என்று ஒரு ஊர், வசந்த காலத்தில் அங்கே கிளைட்ஸ்டேல் வைத்திருப்பவர்கள் எல்லாம் கூடி வண்டி பூட்டி ஓட்டிக் காட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். குதிரை தோளைக் கொடுத்துத் தள்ளும்போது அந்த வளையத்தில் தோல் இறுகும் சத்தம் ஒன்று கேட்கும், கயிற்றுக் கட்டிலில் கனமான ஆள் உட்கார்ந்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.